லீவு போட்டு ஊருக்குப் போகலாமா?

"ரெண்டு நாள் லீவு போட்டா ஒண்ணும் ஆகாதில்ல மிஸ்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. கேட்கும்போதே டிக்கெட் எடுத்தாகிவிட்டிருக்கும், ரூமும் சொல்லியாகிவிட்டிருக்கும். அவர்களுக்கு வேண்டியது என் தலையசைப்பு மட்டும்தான். நானும் பெரும்பாலும் தலையசைத்துவிடுவேன்.

நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவள் என்ற முறையில் என் பதில் இது. போகலாம். எல்லாப் பிள்ளைகளும் எல்லா மாதத்திலும் எத்தனை நாள் வேண்டுமானாலும் போகலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. லீவை முடிவு செய்கிறவர்கள் பெற்றோர். அதனால் வரும் சுமையைத் தூக்குகிறவர்களும் அவர்களாகவே இருக்கவேண்டும். நடப்பது என்னவோ, சந்தோஷம் குடும்பத்துக்கு, எழுதிச் சேர்க்கவேண்டிய பாக்கி பிள்ளைக்கு என்றுதான். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒரு அநியாயத்தைத் தவிர்ப்பதற்காக.

மே மாதத்தில் போகவேண்டியதுதானே என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். மே மாதத்தில் ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கூட்டம் தாங்காமல்தான் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டினார்கள். குற்றாலத்துக்கோ மே மாதத்தில் போய் வெறும் பாறையைத்தான் பார்க்கவேண்டும். அருவி சீசன் தொடங்குவது ஜூனில், சரியாகப் பள்ளி திறக்கும் நேரத்தில்.

செய்ய வேண்டியவை

பள்ளி நாட்காட்டியை முதலில் எடுங்கள், பஞ்சாங்கத்தையும் ரயில் ஆப்பையும் பிறகு எடுக்கலாம். காலாண்டு எப்போது, அரையாண்டு எப்போது, எந்தச் சனிக்கிழமை வேலை நாள் என்பதெல்லாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. அதனால் தேர்வுத் தேதி தெரியாமலே டிக்கெட் எடுத்துவிட்டேன் என்ற சாக்குக்கு இப்போது இடமில்லை.

நாட்காட்டியில் தேடவேண்டியது, லீவு போடாமலே கிடைக்கும் நாட்களை. காலாண்டுத் தேர்வு முடிந்து சரஸ்வதி பூஜை, காந்தி ஜெயந்தி ஒட்டி வரும் விடுமுறை. அரையாண்டு முடிந்து கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை. பொங்கலையொட்டிய நாட்கள். இவற்றோடு ஒரு வெள்ளியோ திங்களோ சேர்த்தால் ஐந்தாறு நாள் தாராளமாகக் கிடைக்கும். போகிற பாடம் ஒரு நாள்தான்.

அதிகம் பேர் பயன்படுத்தாத ஒன்று, கலெக்டர் விடும் உள்ளூர் விடுமுறை. வைகுண்ட ஏகாதசிக்குத் திருச்சி மாவட்டம், டிசம்பர் 3 அன்று கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், கந்தூரிக்கு நாகப்பட்டினம் என்று அந்தந்த ஊருக்கு ஒரு நாள் உண்டு. உங்கள் பிள்ளைக்கு அன்று பள்ளி கிடையாது, பக்கத்து மாவட்டத்தில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கூட்டமில்லாத ஊரைப் பார்க்க இதைவிட நல்ல நாள் அமையாது. ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமைக்கும் மட்டம் போட்டுவிடாதீர்கள்.

காத்திருக்காத விஷயம் என்றால் தயங்காமல் கூட்டிப்போங்கள். மூணாறு மலையில் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல். அது ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கும், பரீட்சை முடியட்டும் என்று நிற்காது. கும்பகோணம் மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028. காஞ்சிபுரம் அத்திவரதர் 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை தரிசனம் தந்தார், அதற்கு முன்பு 1979. அந்த ஜூலையில் என் வகுப்பில் பாதி பெஞ்ச் காலியாக இருந்த நாட்கள் உண்டு. ஒரு பிள்ளையிடமும் நான் ஏன் என்று கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வருவதை ஒரு நாள் பாடத்தோடு நிறுத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தாத்தாவின் எண்பதாம் கல்யாணமும், கண்ணுக்கெட்டாத தூரத்துக்குக் குடிபெயரப்போகும் அத்தையை வழியனுப்புவதும், கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஆயாவைப் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். தீம் பார்க்கில் வார நாள் சலுகை இந்தக் கணக்கில் வராது.

கிளாஸ் டீச்சரிடம் குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். அனுமதி கேட்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: "அந்த நாட்களில் எந்தப் பாடம் போகும் டீச்சர்?" இதைக் கேட்கும் பெற்றோர் அபூர்வம். கேட்டுவிட்டால் எங்களுக்கும் முகம் மலர்ந்துவிடும். சில சமயம் நாங்களே, "அடுத்த வாரம் புதுப் பாடம் தொடங்குறேன், அதுக்கு முந்தின வாரம் போங்களேன், ரிவிஷன்தான்" என்று சொல்லிவிடுவோம்.

கணக்குப் பாடத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். வரலாற்றில் பல்லவர் பாடம் போய்விட்டால் பல்லவர் மட்டும்தான் போவார்கள். சோழரைப் புதிதாகத் தொடங்கிப் படிக்கலாம். கணக்கில் அப்படி விடாது. ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு நடத்தும் இரண்டு நாள் ஒரு பையன் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஒன்றும் தெரியாது. அந்த வார டெஸ்ட்டைக்கூடப் பக்கத்துப் பையனைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவான். சில வாரம் கழித்துப் பின்னங்களைக் கூட்டச் சொல்வேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருப்பான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா என்று கேட்டால் முழிப்பான். விடை ஆறில் ஐந்து. அதற்குப் பகுதியைச் சமமாக்கத் தெரியவேண்டும், பகுதியைச் சமமாக்க அந்த இரண்டு நாள் பாடம் தெரியவேண்டும். வீட்டிலோ, "போன டெர்ம் நல்லாத்தானே போட்டான், இப்ப கவனமே இல்லை" என்று செல்போனைக் குற்றம் சொல்வார்கள். அந்தக் கோயில் பயணம் யார் நினைவிலும் இருக்காது.

ஆகவே எந்தப் பாடத்தை விட்டாலும் கணக்கை அதே வாரத்தில் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அப்பாவோ அம்மாவோ அக்காவோ, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். யாருக்கும் தெரியாவிட்டால் மதிய இடைவேளையில் பிள்ளையை எங்களிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லித்தருவோம். நாங்களே தேடிப்போய்ச் சொல்லித்தருவோம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நாற்பது பேர் வகுப்பில் அது நடக்கிற காரியமில்லை.

நோட்டுக்கு ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். திருத்தமாக எழுதுகிற, நோட்டைத் தரத் தயங்காத பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். போவதற்கு முன்பே சொல்லிவைக்கவேண்டும். திரும்பும்போது அந்தப் பிள்ளைக்கு அல்வாவோ பால்கோவாவோ ஒரு பொட்டலம் வாங்கி வருவது மரியாதை. டீச்சருக்கு வேண்டாம். வாங்கி வந்தால் எங்களுக்குத்தான் சங்கடம்.

பிள்ளையைக் கேளுங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும். பள்ளியில் பாடம் மட்டும்தான் நடக்கிறது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு அங்கே வேறொரு வாழ்க்கை இருக்கிறது. கபடி டீமில் பெயர் வந்திருக்கும். அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்துகொண்டிருப்பார்கள். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் வந்து ஆண்டுவிழாவில் கப் வாங்கவேண்டும் என்று ஒன்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்.

குழந்தைகள் தின நாடகத்துக்கு வேலு நாச்சியார் வேஷம் கிடைத்த ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். அட்டைக் கத்திக்கு அவளே வெள்ளித்தாள் ஒட்டி வைத்திருந்தாள். வசனம் முழுக்க மனப்பாடம். அதே வாரம் வீட்டில் கோவாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். சர்ப்ரைஸ் என்று நினைத்துக் கடைசி நேரத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேஷத்தை வேறொரு பெண் போட்டாள், பாவம், பாதி வசனம் மறந்துபோனது. கோவா போய் வந்தவள் கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கத்தியை யார் எடுத்து வச்சாங்க மிஸ்?" என்றுதான் கேட்டாள். ஒரு வார்த்தை முன்பே கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் அடுத்த வாரம் போயிருக்கும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில:

ஒரே ஒரு நோட்டை மட்டும் பெட்டியில் வையுங்கள், கணக்கு நோட்டு. போதும்.

போகிற இடம் அன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை லீவு போட்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் கதவு மூடியிருக்கும். தாஜ்மகாலும் வெள்ளிக்கிழமை மூடல்தான்.

தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களுக்குப் பதினைந்து வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. மாமல்லபுரம் போகிறவர்கள் நினைவில் வைக்கலாம்.

லாபத்தைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். சீசன் இல்லாத நேரத்தில் ரூம் வாடகை நிஜமாகவே இறங்கும், சந்தேகமில்லை. ஆனால் ரயிலில் எந்த மாதமானாலும் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம்தான். அரைக் கட்டணம் பன்னிரண்டு வயதுக்குள், படுக்கை வேண்டாம் என்றால் மட்டும். மிச்சமாகும் பணம் எவ்வளவு, திரும்பி வந்து டியூஷனுக்குக் கொடுக்கப்போவது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

காய்ச்சல் என்று எழுதாதீர்கள்.

நம் ஊரில் எல்லாப் பிள்ளையும் முதலில் மனப்பாடம் செய்யும் ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர்தான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற வரி தமிழ்நாட்டில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அந்த வரி இருப்பதாலேயே எல்லா லீவுக்கும் அதுவே காரணமாகிவிட்டது. பழனிக்குப் போய் முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நிற்பான் பையன். கையில் இருக்கும் கடிதத்தில் இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காய்ச்சலுக்கு மொட்டை அடிக்கச் சொன்ன டாக்டர் யாருப்பா?" என்பேன். அவன் தலை கவிழ்ந்துவிடும். அந்தக் கடிதத்தை எழுதியது அவனில்லை, கையெழுத்துப் போட்டதும் அவனில்லை. அவமானம் மட்டும் அவனுக்கு.

இன்னொரு வகை, பையனுக்கு வயிற்றுப்போக்கு என்று காலையில் மெசேஜ் போட்டுவிட்டு மதியம் அதே போனில் படகில் போகும் படத்தை ஸ்டேட்டஸ் வைப்பது. டீச்சர் நம்பரும் உங்கள் போனில்தான் இருக்கிறது என்பது மறந்துபோகும்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றும் ஆகாது. முகம் சுளிப்பார்கள், சிலர் ஒரு பாட்டு பாடுவார்கள், அவ்வளவுதான். "குடும்பத்தோடு வெளியூர் செல்வதால்" என்று எழுதுங்கள். பொய்யான லீவ் லெட்டரைத் தன் பையில் சுமந்து வரும் பிள்ளைக்கு, தேவைப்பட்டால் அப்பாவும் பொய் சொல்வார் என்ற பாடம் போய்ச் சேருகிறது. நாளைக்கு அவன் டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு வயிற்றுவலி என்று சொன்னால் எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

75 சதவீத வருகை போக மிச்சத்தை உங்கள் லீவு ஒதுக்கீடாக நினைக்காதீர்கள். சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை கட்டாயம். குறைந்தால் சலுகை உண்டு, ஆனால் அது கடும் நோய், வீட்டில் இறப்பு, தேசிய அளவு விளையாட்டு போன்றவற்றுக்கு, தகுந்த ஆவணத்தோடு. சுற்றுலா அந்தப் பட்டியலில் இல்லை. "அப்ப இருபத்தஞ்சு பர்சென்ட் லீவு போடலாம்ல?" என்று ஒரு அப்பா என்னிடமே கேட்டார். கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது. அதையே அளவாக வைத்தால் கால் பங்கு 55 நாள், முழுதாக இரண்டு மாதப் பாடம். இடையில் டெங்கு வந்தால் அந்த 55இலிருந்துதான் கழியும்.

வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த வாரத்தில் போகாதீர்கள். சென்னை, கடலூர், நாகை பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் மழை விடுமுறை எத்தனை வரும் என்று யாருக்கும் தெரியாது. அரையாண்டுக்குள் போர்ஷனை முடிக்கவேண்டிய நெருக்கடியில், பள்ளி திறந்ததும் நாங்கள் இரண்டு நாள் பாடத்தை ஒரே நாளில் ஓட்டுவோம். சாதாரண மாதத்தில் ஒரு நாள் விட்டால் ஒரு நாள் நஷ்டம். அந்த வாரத்தில் இரட்டிப்பு.

ஜூன் முதல் வாரம் சும்மாதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாடம் மெதுவாகத்தான் போகும், உண்மை. ஆனால் யார் பக்கத்தில் யார், யாரோடு டிபன் பாக்ஸைப் பகிர்வது என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் முடிவாகிறது. எல்கேஜி பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். அழுது அழுது பத்து நாளில் ஒருவழியாகப் பழகியிருக்கும். உடனே ஊருக்குக் கூட்டிப்போய் வந்தால், அழுகை முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கும்.

பிளஸ் ஒன்னை ஓய்வு ஆண்டாக்காதீர்கள். 2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பத்தாவதில் உழைத்தாயிற்று, இந்த வருஷம் சுற்றலாம் என்று சில வீடுகளில் தொடங்கிவிட்டார்கள். நீட்டுக்கும் ஜேஇஇக்கும் கிட்டத்தட்ட பாதிக் கேள்வி அந்த வருஷப் பாடத்திலிருந்து வருகிறது. இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. பன்னிரண்டாவது படிக்கும் பெண் இருப்பதால் சொந்தச் சித்தப்பா கல்யாணத்துக்குக்கூட அவளை விட்டுவிட்டுப் போவார்கள். தனியாக வீட்டில் இருக்கும் பெண் அன்று படிப்பாள் என்று நிஜமாகவே நம்புகிறார்களா? ஒரு நாள் கூட்டிப்போங்கள். முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டு மாலையே வந்துவிடலாம்.

"பயணம்தான் பெரிய படிப்பு" என்று எங்களிடம் வசனம் பேசாதீர்கள். பயணம் கற்றுத்தரும், யார் மறுத்தது? ஆனால் ரிசார்ட் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் போனில் விளையாடிவிட்டு வருவதை அந்தப் பட்டியலில் சேர்க்கமுடியாது. இன்னொரு பக்கம், போன இடத்தையெல்லாம் பாடமாக்கிப் பிள்ளையின் உயிரை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். குன்னூர் வளைவில் மலை ரயில் புகை கக்கித் திரும்பும்போது, "இந்த லைன் எந்த வருஷம் போட்டாங்க சொல்லு" என்று ஒரு கேள்வி. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. இப்போது தெரிந்துவிட்டதல்லவா, பிள்ளையை விடுங்கள். பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வுகிற சத்தத்தைக் கேட்கட்டும். வந்ததும் பயணக் கட்டுரை நான்கு பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். அந்தப் பாவத்தைச் செய்ய நாங்கள் இருக்கிறோம்.

அடுத்த வீட்டுக்காரர் லீவு போட்டால் முகம் சுளிக்காதீர்கள். இதைப் பெற்றோருக்கு மட்டும் சொல்லவில்லை, என் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் தீபாவளி விடுமுறை என்றால் அரசு பஸ் டிரைவருக்கு அன்றைக்குத்தான் சிறப்புப் பேருந்து டியூட்டி. ஜவுளிக்கடையில் நிற்கிறவர்களுக்கு ஆடித் தள்ளுபடியிலிருந்து பொங்கல் வரை மூச்சுவிட நேரமில்லை. போலீஸ்காரர் வீட்டில் திருவிழா என்றால் அப்பா பந்தோபஸ்தில் இருப்பார். இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவோடு கடலைப் பார்க்கக் கிடைப்பது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையாகத்தான் இருக்கும். வாடகை குறையும் மாதத்தில் மட்டுமே வெளியூரைப் பார்க்க முடிகிற குடும்பமும் அப்படித்தான். அவர்களிடம் போய் ஒழுங்கு பேசினால் அது வசதியின் பேச்சு.

அதோடு ஒன்று. தை பிறந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடும் பிள்ளைகள் மாதக்கணக்கில் பள்ளிக்கு வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கும் ஊட்டிக்குப் போன பிள்ளைக்கும் ஒரே ஆப்சென்ட் குறிதான். நாம் பதறவேண்டியது சூளைக்குப் போன பிள்ளையின் குறியைப் பார்த்து. ஊட்டிக்குப் போன பிள்ளை திங்கட்கிழமை வந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பள்ளி நடக்கும் நேரத்தில் வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். தை மாதம் கல்யாணம் வைத்துவிட்டு, லண்டனில் இருக்கும் தம்பியிடம் "ஒரு வாரம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர முடியாதா, என்ன பெரிய படிப்பு?" என்று கோபிக்கிறோம். இங்கிலாந்தில் அது வெறும் லீவ் லெட்டர் விவகாரமில்லை. பள்ளித் தவணையின் நடுவில் விடுப்பைத் தலைமையாசிரியர் விதிவிலக்கான சூழலில் மட்டுமே தரலாம். அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் போனால் அபராதம் வரும். 2024 ஆகஸ்ட் முதல் 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, தாமதித்தால் 160. அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அப்பாவுக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாக. இரண்டு பிள்ளைகள் இருந்தால் குறைந்தது 320 பவுண்டு. மூன்று ஆண்டுக்குள் மூன்றாவது முறை என்றால் அபராதத்தோடு விடாமல் வழக்கு வரைக்கும் போகலாம்.

ஜான் பிளாட் என்ற தகப்பனார் மகளை 2015இல் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். அபராதம் கட்ட மறுத்தார். மகளின் வருகை மொத்தத்தில் நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்களில் அவர் பக்கம் தீர்ப்பானது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஏப்ரலில் அங்கே அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது என்றால் பள்ளி விதித்த முறைப்படி வருவதுதான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எனக்கென்னவோ அந்தச் சட்டம் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் கட்டவேண்டியது உங்கள் தம்பி. ஜூலை கடைசியில் அங்கே கோடை விடுமுறை தொடங்கும். ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறதா என்று ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திங்கள் விடிகாலையில் வந்து இறங்காதீர்கள். கடைசி நிமிஷம் வரை அனுபவித்துவிடவேண்டும் என்று ஞாயிறு இரவு பஸ் ஏறி, விடியற்காலை சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு இன்னொரு பயணம். அதற்குப் பிறகு குளிக்கவைத்து எட்டரைக்குப் பள்ளி. அந்தப் பிள்ளை முதல் பீரியடில் டெஸ்கில் கவிழ்ந்துவிடும், இரண்டாவது பீரியடில் திட்டு வாங்கும். மதியம் வீட்டுக்கு போன் வரும், நிஜமாகவே காய்ச்சல் என்று. ஞாயிறு மதியமே வீட்டுக்கு வந்துவிடுங்கள். சீருடை துவைக்கவேண்டியிருக்கும், ஷூவில் மணல் இருக்கும், நோட்டுக் கொடுக்கும் பிள்ளை வீட்டுக்கு ஒரு நடை போய்வரவேண்டும். பார்த்து எழுதுவதில் பாதியையாவது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொடுங்கள், சீக்கிரம் முடியும். கோடு போட்டு மார்ஜின் விடுவதையும் நீங்களே செய்துகொடுக்கலாம். எங்களுக்குத் தெரிந்தாலும் கேட்கமாட்டோம்.